அந்த ராத்திரி திண்டிவனத்தில் டாக்டர் இருந்தார்... ஆனாலும் மூன்று பெண்கள் இறந்தார்கள்! யார் இந்த ஐடா ஸ்கடர்?

அமாவாசை அன்று சென்னையிலிருந்து மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? ஊஞ்சல் உற்சவம் பார்க்கப் போகிற கூட்டத்தில் நிற்க இடம் கிடைத்தாலே பெரிய விஷயம். அங்காளம்மனிடம் பிள்ளை வரம் கேட்டுப் போகிறவர்களும், பிறந்த பிள்ளையைக் காட்டப் போகிறவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். செஞ்சிக் கோட்டையைக் கடந்து வளத்தி வழியாகப் போவதற்கு முன்பு பஸ் திண்டிவனத்தைத் தாண்டும். டீ குடிக்க இறங்குபவர்கள் இறங்குவார்கள். மற்றவர்களுக்கு அது இன்னொரு ஸ்டாப், அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஊரில் 1890-களின் தொடக்கத்தில் ஒரு ராத்திரி நடந்த சம்பவம்தான் வேலூர் சி.எம்.சி மருத்துவமனை உருவாகக் காரணம். அந்த ராத்திரி பற்றிப் பலருக்கும் அரைகுறையாகத் தெரியும். பள்ளிப் பாடத்திலோ, வாட்ஸ்அப் ஃபார்வர்டிலோ படித்திருப்போம். அதை இப்போது திரும்பச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. பிரசவத்திலும் பிறந்த சில வாரங்களிலும் தாய்க்கோ குழந்தைக்கோ ஏற்படும் பாதிப்புக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி இன்று நுகர்வோர் ஆணையங்களிலும் உச்ச நீதிமன்றத்திலும் எழுகிறது. ஐடா ஸ்கடரின் வாழ்க்கை அந்தக் கேள்வியின் முதல் பாதி.

டாக்டர் குடும்பத்தில் டாக்டர் ஆக மறுத்த பெண்

ஐடா பிறந்தது 1870 டிசம்பர் 9, ராணிப்பேட்டையில். தாத்தா ஜான் ஸ்கடர், அமெரிக்காவிலிருந்து வந்த முதல் மருத்துவ மிஷனரி. 1819-ல் கப்பல் ஏறி, முதலில் இலங்கையில் பணியாற்றி, பிறகு சென்னைக்கு வந்தவர். அவர் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று அந்தக் குடும்பத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மிஷனரி ஆனார்கள். ஐடாவின் அப்பாவும் டாக்டர்தான். அவர் பெயரும் ஜான்.

அண்ணன்களுக்கு நடுவே ஒரே பெண் ஐடா. ஆறு வயதில் தாது வருஷப் பஞ்சத்தைப் பார்த்தார். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் தின்ற பஞ்சம் அது. ரொட்டித் துண்டைக் கையில் எடுத்துச் சாப்பிடக்கூடத் தெம்பில்லாத குழந்தைகளின் வாயில் அதை வைத்துவிடுவதுதான் அந்தச் சிறுமிக்குக் கொடுக்கப்பட்ட வேலை. பிறகு குடும்பம் அமெரிக்காவின் நெப்ராஸ்காவுக்குப் போனது. சில வருடங்களில் அப்பாவும், அடுத்து அம்மாவும் இந்தியாவுக்குத் திரும்பிவிட்டார்கள். ஐடா அமெரிக்காவிலேயே உறவினர் வீட்டில் விடப்பட்டார்.

இந்தியான்னாலே அவருக்குப் பஞ்சமும் பிரிவும்தான் ஞாபகம். அதனால் மிஷனரி ஆக மாட்டேன், இந்தியாவில் வாழ மாட்டேன் என்பதில் உறுதியாக இருந்தார். மாசசூசெட்ஸில் ஒரு பெண்கள் பள்ளியில் படித்தார். சேட்டைக்குப் பெயர்போன மாணவி. 1890-ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வர, கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்ற கணக்கில் திண்டிவனம் வந்தார்.

அந்த ராத்திரி என்ன நடந்தது?

ஐடா விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பிராமண இளைஞர் பங்களா வாசலுக்கு வந்தார். மனைவிக்குப் பிரசவ வலி, பிள்ளை வெளியே வரவில்லை, மருத்துவச்சி கைவிட்டுவிட்டார். மனைவிக்கு வயது பதினான்கு என்று சொல்லப்படுகிறது. ஐடா வந்து பார்க்க வேண்டும் என்று கேட்டார். தனக்கு மருத்துவம் தெரியாது, அப்பாதான் டாக்டர் என்று ஐடா சொன்னார். அப்பாவும் உடனே கிளம்பத் தயாராக இருந்தார். ஆனால் அந்நிய ஆண் ஒருவர் தன் மனைவியைப் பார்க்க அந்த இளைஞர் சம்மதிக்கவில்லை. திரும்பிப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு முஸ்லிம். அதே பிரச்னை, அதே பதில். அப்புறம் மூன்றாவதாக இன்னொருவர். அவரும் சாதி இந்து. அவரும் அப்படியே திரும்பினார்.

விடிந்ததும் சாவு மேளம் கேட்டது. வேலையாளை அனுப்பி விசாரித்தார் ஐடா. மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

இங்கே கொஞ்சம் நிற்கலாம். மிஷனரி கதைகளில் இந்தச் சம்பவம் ஒரு தெய்வ அழைப்பாகச் சொல்லப்படும். அது ஐடாவின் நம்பிக்கை, அதில் நமக்கு வழக்கு இல்லை. ஆனால் இதே ராத்திரியை ஒரு வக்கீல் கண்ணோடு பார்த்தால் வேறொன்று தெரிகிறது. டாக்டர் இருந்தார், வரவும் தயாராக இருந்தார். மருந்தும் கருவியும் வீட்டிலேயே இருந்தன. வாசலுக்கு வந்தவர்களும் மனைவியைக் காப்பாற்றத்தான் இருட்டில் நடந்து வந்தார்கள். யார் மீதும் மருத்துவ அலட்சிய வழக்குப் போட முடியாது. மருத்துவமே நடக்காத இடத்தில் மருத்துவ அலட்சியம் எங்கிருந்து வரும்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பெண் டாக்டர்களே இல்லாத காலம் இல்லை அது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அங்கே படித்த மேரி ஷார்லீப் தொடங்கிய கோஷா ஆஸ்பத்திரி 1885-லிருந்து சென்னையில் நடந்துகொண்டிருந்தது. இன்று திருவல்லிக்கேணியில் இருக்கும் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனைதான் அது. ஆனால் திண்டிவனத்திலிருந்து சென்னை சுமார் 120 கி.மீ. வலியில் துடிக்கிற பெண்ணுக்கு அது வேற கிரகம் மாதிரி. செஞ்சி, மேல்மலையனூர் பக்கத்துக் கிராமங்களுக்கு இன்னும் தூரம்.

பத்தாயிரம் டாலர்

ஐடா அமெரிக்கா திரும்பினார், ஆனால் வேற ஆளாக. 1895-ல் பிலடெல்பியாவில் இருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கார்னெல் பல்கலைக்கழகம் நியூயார்க்கில் தொடங்கிய மருத்துவக் கல்லூரி பெண்களையும் சேர்க்கிறது என்று தெரிந்ததும் அங்கே மாறிக்கொண்டார். 1899-ல் பட்டம் வாங்கினார்.

கிளம்புவதற்கு முன் வேலூரில் பெண்களுக்கான மருத்துவமனை கட்ட நிதி திரட்டும் பொறுப்பு வந்தது. ஒரு பெண்மணியைப் பார்த்து உதவி கேட்கப் போன வீட்டில், பக்கத்து அறையிலிருந்து பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார் ராபர்ட் ஷெல் என்ற வங்கியாளர். காலமான தன் மனைவி மேரி டேபர் ஷெல் பெயரில் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். அந்தக் காலத்தில் அது பெரும் பணம்.

1900-ம் ஆண்டு முதல் நாள் வேலூருக்கு வந்தார் ஐடா. அப்பாவிடம் வேலை கற்றுக்கொள்ளலாம் என்பதுதான் திட்டம். ஆனால் சில மாதங்களிலேயே அவர் புற்றுநோயில் இறந்துவிட்டார். அனுபவமே இல்லாத புது டாக்டர், அதுவும் பெண், பக்கத்தில் கேட்க யாரும் இல்லை. ஒரே ஒரு படுக்கையோடு வீட்டு அறையில் தொடங்கினார். முதலில் யாரும் வரவில்லை. பிறகு வந்தார்கள், முதல் இரண்டு வருடங்களில் ஐயாயிரம் பேர். சமையலறையில் உதவிக்கு இருந்த சலோமி என்ற பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்துத் தன் முதல் நர்ஸ் ஆக்கிக்கொண்டார்.

1902-ல் நாற்பது படுக்கைகளோடு ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. பிரசவத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்தான் வருவார்கள். ஊரில் எல்லா வழியும் முயன்று பார்த்துவிட்டு, மாட்டு வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு வருவார்கள். அதனால் அவரே கிராமங்களைத் தேடிப் போனார். முதலில் குடியாத்தத்துக்கு மாட்டு வண்டி, 1909 வாக்கில் ஒரு சின்ன பெஜோ கார். போகிற வழியில் மரத்தடிகளில் நிறுத்தி வைத்தியம் பார்த்தார். இன்றைய மொபைல் கிளினிக்குக்கு மூத்த அக்கா என்று அதைச் சொல்லலாம்.

14 பேர் எழுதினார்கள், 14 பேரும் பாஸ்

தனி ஒரு டாக்டரால் எத்தனை வீட்டுக்குப் போக முடியும்? ஐடாவின் வாழ்க்கையில் முக்கியமான முடிவு இந்த இடத்தில்தான் வருகிறது. வைத்தியம் செய்வதைவிட, வைத்தியம் செய்யத் தெரிந்த பெண்களை உருவாக்குவது என்று முடிவெடுத்தார். 1909-ல் நர்சிங் பள்ளி. 1918 ஆகஸ்டில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி.

மெட்ராஸ் மாகாணத்தின் மருத்துவத் துறைத் தலைவராக இருந்த கர்னல் பிரைசனுக்கு இதில் நம்பிக்கையே இல்லை. விண்ணப்பங்கள் வருமா என்றே சந்தேகப்பட்டார். 1922-ல் முதல் பேட்ச் அரசுத் தேர்வு எழுதியது. ஆண்கள் பள்ளிகளிலேயே ஐந்தில் ஒருவர்தான் தேறுகிறார், தோல்வியைப் பார்த்து மனம் உடைய வேண்டாம் என்று முன்கூட்டியே தயார்ப்படுத்தினார்கள். வேலூரிலிருந்து எழுதிய பதினான்கு பெண்களும் தேறினார்கள்.

அந்தப் பெண்கள் வாங்கியது டிப்ளமா மாதிரியான எல்.எம்.பி தகுதி. 1930-களின் இறுதியில் மெட்ராஸ் அரசு அது போதாது, பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும் என்று முடிவெடுத்தது. ஆசிரியர்கள், ஆய்வகம், படுக்கைகள் எல்லாம் பெருக வேண்டும், இல்லையென்றால் பள்ளியை மூட வேண்டும். எழுபது வயதில் ஐடா மறுபடி அமெரிக்கா போய் ஊர் ஊராக நிதி கேட்டார். 1942-ல் எம்.பி.பி.எஸ் வகுப்புக்கு அனுமதி கிடைத்தது.

அதற்குக் கொடுத்த விலை ஒன்று உண்டு. நிதி சேர வேண்டுமென்றால் ஆண்களையும் சேர்த்த பொதுக் கல்லூரியாக மாற வேண்டியிருந்தது. வருடக்கணக்கில் அமெரிக்காவில் பணம் திரட்டிக் கொடுத்த லூசி பீபாடி இதை ஏற்கவில்லை. பெண்களுக்கென்று பெண்கள் கொடுத்த காசு அது என்பது அவர் வாதம். நியாயம் இல்லை என்று சொல்ல முடியுமா? ஐடா கல்லூரி பிழைக்கட்டும் என்ற பக்கம் நின்றார். 1947-ல் ஆண் மாணவர்கள் உள்ளே வந்தார்கள். அதே காலகட்டத்தில், மகப்பேறு மருத்துவர் ஹில்டா லாசரஸ் சி.எம்.சி-யின் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் ஆனார்.

ஆக்சிஜன் செய்த வேலை

வேலூருக்கு எம்.பி.பி.எஸ் கிடைத்த அதே 1942-ல், பாஸ்டனில் தியோடர் டெர்ரி என்ற கண் மருத்துவர் ஒரு புது நோயைப் பதிவு செய்தார். குறைமாதத்தில் பிறந்து பிழைத்த குழந்தைகளின் கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ படர்ந்து பார்வையை மறைத்தது. யாருக்கும் காரணம் புரியவில்லை. பத்து வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அந்தக் குழந்தைகளைக் காப்பாற்றுவதற்காக இன்குபேட்டருக்குள் தாராளமாகக் கொடுத்த ஆக்சிஜனே முக்கியக் காரணம். ஆஸ்திரேலியாவில் கேட் கேம்ப்பெல் 1951-லேயே இதைச் சுட்டிக்காட்டினார். அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு 1950-களின் நடுவில் உறுதி செய்தது. அதற்குள் உலகம் முழுக்கப் பத்தாயிரம் குழந்தைகள் அளவில் பார்வை இழந்திருந்தார்கள் என்பது மதிப்பீடு. 1950-ல் ஆறு வாரம் முன்னதாகப் பிறந்த பாடகர் ஸ்டீவி வொண்டர் அவர்களில் ஒருவர்.

இன்று இந்த நோய்க்குப் பெயர் ஆர்.ஓ.பி. விழித்திரையின் ரத்தக் குழாய்கள் நிறைமாதம் நெருங்கும்போதுதான் முழுமையாகின்றன. முன்கூட்டியே பிறந்த குழந்தைக்கு அவை பாதியில் நிற்கின்றன. பிறகு தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே பிய்த்துவிடலாம். கொடுமை என்னவென்றால், வெளியிலிருந்து பார்த்தால் ஆரம்பத்தில் ஒன்றுமே தெரியாது. ஆனால் சரியான வாரத்தில் கண் டாக்டர் பார்த்துவிட்டால் லேசர் மூலம் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றிவிடலாம்.

1996, எழும்பூர்

அந்த வருடம் ஆகஸ்ட் மாதம் சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. 29-வது வாரம், எடை 1,250 கிராம். இன்குபேட்டரில் வைத்தார்கள், ஆக்சிஜன் கொடுத்தார்கள், ரத்தம் ஏற்றினார்கள். மூன்றரை வாரத்தில் டிஸ்சார்ஜ். உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள், அதை மறுக்க முடியாது. ஆனால் கண்ணைப் பரிசோதிக்கவில்லை. பரிசோதிக்க வேண்டும் என்று பெற்றோரிடமும் சொல்லவில்லை. நாலரை மாதத்தில் விஷயம் தெரிந்தபோது நோய் கடைசிக் கட்டத்தைத் தொட்டிருந்தது. அமெரிக்கா வரை கொண்டுபோய்ச் சிகிச்சை செய்தும் பார்வை திரும்பவில்லை.

பெற்றோர் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார்கள். 2009-ல் அலட்சியம் நடந்தது உண்மை என்று தீர்ப்பு வந்தது, இழப்பீடு 5 லட்சம் ரூபாய். உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2015 ஜூலை 1 அன்று நீதிபதிகள் ஜே.எஸ்.கேஹர், எஸ்.ஏ.பாப்டே அமர்வு அதைச் சுமார் 1.8 கோடியாக உயர்த்தியது. எதிர்கால மருத்துவச் செலவைக் கணக்கிடும்போது விலைவாசி உயர்வையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றது. ஊழியர்களின் தவறுக்கு அரசும் பொறுப்பு என்றது. தீர்ப்பு வந்தபோது அந்தப் பெண் 19 வயதை நெருங்கியிருந்தார்.

எல்லாப் பிறப்புக் காயத்துக்கும் இப்படித் தீர்ப்பு வராது. ஏன்? மூளை முடக்குவாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1860-களின் தொடக்கத்தில் லண்டன் மருத்துவர் வில்லியம் லிட்டில், கஷ்டமான பிரசவமும் குறைப்பிரசவமும்தான் இதற்குக் காரணம் என்றார். 1897-ல் ஒரு நரம்பியல் மருத்துவர் மறுத்தார். குழந்தைக்கு ஏற்கெனவே கருவில் பாதிப்பு இருந்ததால்கூடப் பிரசவம் கஷ்டமாகியிருக்கலாமே என்று கேட்டார். அவர் பெயர் சிக்மண்ட் ஃபிராய்ட். ஆமாம், கனவுகளுக்கு அர்த்தம் சொன்ன அதே ஃபிராய்ட்தான். பிரசவ நேர மூச்சுத்திணறலால் வருவது ஒரு சிறு பகுதிதான் என்று இன்றைய மருத்துவமும் சொல்கிறது. அதனால் இந்த வகை வழக்குகளில் டாக்டர் தவறு செய்தார் என்று மட்டும் நிரூபித்தால் போதாது. அந்தத் தவறால்தான் இந்தப் பாதிப்பு வந்தது என்றும் நிரூபிக்க வேண்டும். பல குடும்பங்கள் தோற்பது இந்த இரண்டாவது படியில்தான். ஆர்.ஓ.பி-யில் பரிசோதிக்க வேண்டிய வாரம் எது என்று முன்பே தெரியும். அதில் பரிசோதித்தார்களா, இல்லையா என்பது கேஸ் ஷீட்டில் தெரிந்துவிடும்.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு குழந்தை இருந்தால்...

34 வாரத்துக்கு முன்பு பிறந்தாலோ, எடை 2 கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ, பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்தாக வேண்டும். 28 வாரத்துக்கு முன்பே பிறந்த குழந்தைக்கு இன்னும் சீக்கிரம், இரண்டு மூன்று வாரத்திலேயே. யாரும் சொல்லாவிட்டாலும் நீங்களே கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் கண் பரிசோதனை பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

சட்டம் பக்கம் வந்தால், 1995-ல் உச்ச நீதிமன்றம் மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. எல்லோருக்கும் எல்லாமே இலவசம் என்றால் அந்தச் சட்டம் பொருந்தாது. சிலரிடம் கட்டணம் வாங்கும் மருத்துவமனை என்றால், இலவசமாகச் சிகிச்சை பெற்றவரும் புகார் செய்யலாம். காலக்கெடு இரண்டு வருடம். இன்னொரு விஷயத்தையும் மனதில் வையுங்க: சிகிச்சை பலிக்காமல் போவது வேறு, அலட்சியம் வேறு. அதே துறையில் சராசரித் திறமையுள்ள ஒரு டாக்டர் அந்த இடத்தில் செய்திருக்க வேண்டியதை இவர் செய்தாரா என்பதுதான் நீதிமன்றம் பார்க்கும் அளவுகோல்.

மறுபடி ஐடாவிடம்

ஐடா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசி வருடங்களைக் கொடைக்கானல் வீட்டில் கழித்தார். டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் விலாசம் எழுதிய கடிதம்கூட அவரிடம் வந்து சேர்ந்ததாகச் சொல்வார்கள். 1960 மே மாதம், 89 வயதில் இறந்தார். உடலை வேலூருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

ஒரு அறையில் ஒரு படுக்கையோடு தொடங்கியது பெரிய வளாகமாக வளர்ந்தபோது மகப்பேறு, குழந்தைகள் பிரிவெல்லாம் அங்கே மாறின. 1902-ல் பெண்களின் பிரசவத்துக்காகக் கட்டப்பட்ட அந்த நாற்பது படுக்கை ஷெல் மருத்துவமனை மட்டும் ஆரணி ரோட்டில் அப்படியே நின்றது. இப்போது அது சி.எம்.சி-யின் கண் மருத்துவமனை.